லாகின் இல்லாம சோர்ஸ் கோட் எடுக்கணுமா? எந்த ப்ரோட்டோகால்ல எடுக்கறதுன்னு சேலத்து பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

பொதுவுல கிடக்குற கோடுக்கு எதுக்குங்க பாதுகாப்புன்னு நிறைய பேரு கேக்குறாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம், பாஸ்வேர்ட் கிடையாது, அக்கவுண்ட் கிடையாது, அப்புறம் கிட்ல (கோடையும் அதோட மாற்ற வரலாறையும் சேத்து வெச்சுக்குற டூல்) எடுக்கறப்போ அட்ரஸ் முன்னாடி கிட்:// போட்டு எடுத்தா என்ன, எச்டிடிபிஎஸ்:// போட்டு எடுத்தா என்னன்னு. நியாயமான கேள்விதான். ஆனா இங்க பாதுகாப்பு ரகசியத்துக்காக இல்லைங்க, நம்ம கைக்கு வர்ற கோட் அந்த ப்ராஜெக்ட்காரங்க வெச்ச அதே கோட்தானா, நடுவழியில எவனும் கை வைக்கலையாங்கறதுக்காக. அந்த கோடைத்தான் அடுத்த பத்தாவது நிமிஷம் மேக் போட்டு, சூடோ போட்டு இன்ஸ்டால் பண்ணி, முழு அதிகாரத்தோட ஓட விடப்போறோம், நடுவுல ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும் மெஷின் அவன் கையில.

கருப்பூர் பக்கம் காலேஜ் லேப்ல உக்காந்து படிக்கிற பசங்க, அஸ்தம்பட்டியில அம்மாபேட்டையில வீட்டுலேந்தே வேலை பாக்குறவங்க, ஏற்காட்டுல ஹோம்ஸ்டே வைஃபைய நம்பி லேப்டாப்ப திறக்குறவங்க, இவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறேன், ஏன்னா நம்ம ஊர்ல ஓபன் சோர்ஸ் பக்கம் வர்ற பசங்க கூடிட்டே போறாங்க, ஆனா முதல் நாள் யாராவது சொல்லிக்குடுக்குற கமாண்ட் எதுவோ அதையேதான் கடைசி வரைக்கும் அடிக்கிறாங்க.

முதல்ல முடிவ சொல்லிடுறேன், காரணம் அப்புறம். லாகின் இல்லாம வெறும் படிக்க, க்ளோன் பண்ண (முழு காப்பி எடுக்க), அப்டேட் எடுக்கன்னா எச்டிடிபிஎஸ் போடுங்க, சர்ட்டிஃபிகேட் (இது உண்மையான சர்வர்தான்னு காட்டுற அத்தாட்சி) சரிபார்ப்ப எந்த காரணத்துக்காகவும் ஆஃப் பண்ணாதீங்க. உங்க சொந்த ரெப்போவுக்கு (ப்ராஜெக்ட் கோட் இருக்குற கிடங்கு) புஷ் பண்ணணும்னா, அதாவது கோடை மேல ஏத்தணும்னா, சாவி வெச்சு உள்ள போற எஸ்எஸ்எச் நல்லது. கிட்://, வெறும் எச்டிடிபி://, கிட்டுக்கு முந்தின டூல்களோட எஸ்விஎன்://, சிவிஎஸ் பிசர்வர், இந்த நாலும் வேண்டாம்.

இப்ப காரணத்துக்கு வரேன். கிட்://ங்கறது கிட் கூடவே வர்ற ஒரு சின்ன சர்வர், டீமன்னு சொல்லுவாங்க, 9418ங்கற போர்ட்ல ஓடும். வேகமானது, செட் பண்றதும் சுலபம், அதனால ஒரு காலத்துல பப்ளிக் ரெப்போன்னாலே இதுதான். ஆனா அதுல என்க்ரிப்ஷன் இல்ல, எதிர்ல இருக்கறது உண்மையான சர்வர்தானான்னு பாக்குற ஏற்பாடும் இல்ல. நீங்க ஒரு பேரை சொல்லி கூப்பிடுறீங்க, நடுவுல இருக்குற ரவுட்டரோ வைஃபை பாக்ஸோ நான்தான் அதுன்னு பதில் சொன்னா கிட் அப்படியே நம்பிடும். கிட்ஹப்காரங்க இதை 2021 செப்டம்பர்ல அறிவிச்சு, 2022 மார்ச் 15ல நிரந்தரமா மூடிட்டாங்க. இன்னைக்கு பழைய புக்கை பாத்து கிட்://ல கிட்ஹப்ப கூப்பிட்டா ஒண்ணும் வராது. வேற சில சர்வர்ல இன்னும் திறந்து வெச்சிருக்காங்க, லினக்ஸ் கெர்னல் கோட் இருக்குற கெர்னல் டாட் ஆர்க்ல கூட கிட்://, எச்டிடிபிஎஸ்:// ரெண்டும் பக்கத்து பக்கத்துல போட்டிருப்பாங்க, ரெண்டுல எதை காப்பி பண்றீங்கங்கறது உங்க கையில.

இங்க வந்து பசங்க கேக்குற அடுத்த கேள்வி நல்ல கேள்வி. கிட்ல ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு தடவை சேத்து வெச்ச மாற்றம்) ஹேஷ் (உள்ள இருக்கறத வெச்சு கணக்கு போட்டு வர்ற நீளமான எண்) இருக்கே, ஒரு எழுத்து மாறினா ஹேஷே மாறிடுமே, அப்புறம் எப்படி ஏமாத்த முடியும்னு. ஹேஷ் உண்மையிலேயே வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அது பாக்குறது ஒரு கமிட் உள்ளுக்குள்ள உடையாம இருக்கா, அதுக்கு முந்தின கமிட்டுங்களோட சங்கிலி சரியா இருக்கான்னு மட்டும்தான். மெயின் ப்ராஞ்ச், அதாவது ப்ராஜெக்டோட முக்கிய வரிசை, இன்னைக்கு எந்த ஹேஷ்ல நிக்குதுன்னு சொல்றது யாரு? சர்வர். அந்த பதில் கிட்://ல வெளிப்படையா வருது. நம்ம புது பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ் எஃப்சி எல்லாம் பக்காவா, டயர் எல்லாம் புதுசா நிக்குது, ஆனா போர்டை மட்டும் எவனோ மாத்தி ஏற்காடுன்னு மாட்டிட்டான்னா நீங்க ஏறி உக்காந்து ஓமலூர் போய் இறங்குவீங்க. ஹேஷ் பஸ்ஸை செக் பண்ணும், போர்டை செக் பண்ணாது. போர்டு மாறாம பாத்துக்கறதுதான் டிஎல்எஸ் வேலை, அதாவது எச்டிடிபிஎஸ்ல இருக்கற அந்த எஸ்.

முன்னாடியே ரெப்போ உங்ககிட்ட இருந்து அப்டேட் மட்டும் எடுக்குறீங்கன்னா, பழைய வரலாறை எவனாவது மாத்தினா புல் பண்றப்போ ஹிஸ்டரி ஒத்துவராம கத்தும், அதுல கண்டுபிடிச்சிடலாம். ஆனா பழையது அப்படியே இருக்க, மேல புதுசா ஒரு கமிட்டை ஒட்டி வெச்சா கிட் சத்தமே போடாது, சாதாரண அப்டேட் மாதிரி சிரிச்சுட்டே உள்ள வரும். முதல் தடவை க்ளோன் பண்றப்போ நிலைமை இன்னும் மோசம், ஒப்பிட்டு பாக்க நம்மகிட்ட ஒண்ணுமே இருக்காது.

கிட் அந்த ஹேஷ் போடுற முறையான எஸ்எச்ஏ-1 பத்தியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரி 23 அன்னிக்கு ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற சிடபிள்யூஐங்கற ஆராய்ச்சி நிலையமும் கூகுளும் சேந்து ஒரே எஸ்எச்ஏ-1 ஹேஷ் வர்ற ரெண்டு வேற வேற பிடிஎஃப் ஃபைலை காமிச்சாங்க. அதுக்கப்புறம் கிட் 2.13லேந்து அந்த மாதிரி மோதலை கண்டுபிடிக்கிற கோடை உள்ள சேத்துட்டாங்க, 2.29ல அதைவிட பலமான எஸ்எச்ஏ-256 சோதனை வடிவமா வந்துச்சு. அதனால பயந்துக்க வேண்டாம், ஆனா ஹேஷ் இருக்கே போதும்னு எச்டிடிபிஎஸ்ஸ விட்டுடவும் வேண்டாம்.

ஒரே ஒரு வரி மாறினா என்ன ஆகும்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு நிஜ உதாரணம் இருக்கு. 2003 நவம்பர்ல லினக்ஸ் கெர்னல் பிட்கீப்பர்ங்கற வேற ஒரு டூல்ல இருந்துச்சு, அதோட காப்பி ஒண்ணு சிவிஎஸ்ல பொதுவா வெச்சிருந்தாங்க. அந்த சிவிஎஸ் சர்வருக்குள்ள எவனோ புகுந்து வெயிட்4ங்கற ஃபங்ஷன்ல ரெண்டு வரியை சேத்துட்டான். பாக்குறதுக்கு ஏதோ தப்பான ஆப்ஷனை செக் பண்ற மாதிரிதான் இருக்கும், யூஐடி (யூசரோட எண், பூஜ்யம்னா ரூட், அதாவது முழு அதிகாரம்) பூஜ்யமான்னு ஒப்பிடுற இடத்துல ரெண்டு சமக்குறி போடாம ஒரே ஒரு சமக்குறி. சி படிச்சவங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும், ரெண்டு சமக்குறி போட்டா ஒப்பீடு, ஒண்ணு போட்டா யூஐடியை பூஜ்யமாவே ஆக்கிடும், அதாவது அந்த ஆப்ஷனோட கூப்பிடுற எவனும் ரூட் ஆயிடுவான். பிட்கீப்பர்லேந்து சிவிஎஸ்ஸுக்கு ஏத்துறப்போ ரெண்டும் ஒத்துப்போகலைன்னு தெரிஞ்சுதான் பிடிபட்டுச்சு, மெயின் மரத்துக்குள்ள அது போகவே இல்ல. இது சர்வருக்குள்ளயே நடந்த வேலை, வழியில நடந்தது இல்ல, அதை மறைக்க வேண்டாம், எச்டிடிபிஎஸ் இருந்திருந்தாலும் இதை தடுத்திருக்காது. ஆனா வழியில ஒருத்தன் உக்காந்தா அவன் என்ன வைப்பான், அது கண்ணுக்கு எவ்வளவு சாதாரணமா தெரியும்ங்கறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு தெரியல. கோடை படிச்சு பாத்துக்கலாம்னு சொல்றவங்க அந்த ஒத்தை சமக்குறியை நினைச்சுக்குங்க.

சரி, எஸ்எஸ்எச் இன்னும் பலமாச்சே, அதுலயே எடுக்கலாமேன்னா, என்க்ரிப்ஷன் பலம்தான், ஆனா லாகின் இல்லாம எடுக்கறதுக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு, கிட்ஹப் மாதிரி இடத்துல பப்ளிக் ரெப்போவா இருந்தாலும் எஸ்எஸ்எச்ல வரணும்னா அக்கவுண்டும் சாவியும் வேணும். ரெண்டாவது யாரும் யோசிக்காதது: எஸ்எஸ்எச் க்ளையண்ட் ஒரு சர்வர்கிட்ட போறப்போ உங்க ஏஜென்ட்ல (சாவிகளை கையில வெச்சிருக்குற ப்ரோக்ராம்) இருக்குற பப்ளிக் சாவி ஒவ்வொண்ணா நீட்டும், இது சரியா இது சரியான்னு. கிட்ஹப்ல எல்லாரோட பப்ளிக் சாவியும் அவங்க பேரு பின்னாடி டாட் கீஸ்னு போட்டா யாரு வேணா பாக்கலாம். அப்போ முன்ன பின்ன தெரியாத சர்வர்கூட அந்த சாவியை வெச்சு நீங்க யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். பேரில்லாம எடுக்கறோம்னு நினைச்சுட்டு அடையாள அட்டைய நீட்டுற கதைதான் அது.

எஸ்எஸ்எச்ல முதல் தடவை போறப்போ சர்வர் சாவியோட கைரேகைய (சுருக்கமான அடையாளம்) காட்டி யெஸ்ஸா நோவான்னு கேக்கும், நம்மாளுங்க படிக்காமலேயே யெஸ் அடிப்பாங்க. அந்த இடத்துலதான் எஸ்எஸ்எச் பாதுகாப்பே இருக்கு. அந்த சர்வரோட வெப்சைட்ட எச்டிடிபிஎஸ்ல திறந்து, அங்க போட்டிருக்குற கைரேகையோட எழுத்துக்கு எழுத்து பாத்துட்டு யெஸ் அடிங்க. 2023 மார்ச் 24ல கிட்ஹப் தன்னோட ஆர்எஸ்ஏ சாவியை மாத்துச்சு, அது ஒரு பப்ளிக் ரெப்போல கொஞ்ச நேரம் வெளிய தெரிஞ்சுட்டதால. அன்னிக்கு அந்த ஆர்எஸ்ஏ சாவியை நம்பியிருந்தவங்களுக்கு பெருசா எச்சரிக்கை வந்துச்சு, அந்த மாதிரி நேரத்துல, பாத்த சர்வர் சாவிய ஞாபகம் வெச்சுக்குற நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அப்படியே அழிச்சுட்டு மறுபடி யெஸ் அடிக்காம, அறிவிப்பை தேடி படிச்சுட்டு செய்யணும்.

பேரில்லாமங்கறதையும் சரியா புரிஞ்சுக்கணும். இங்க அதுக்கு அர்த்தம் லாகின் இல்லைங்கறது மட்டும்தான், நீங்க மறைஞ்சு இருக்கீங்கன்னு இல்ல. எச்டிடிபிஎஸ்ல க்ளோன் பண்ணா உங்க பேரோ மெயில் ஐடியோ போகாது, அதெல்லாம் கமிட் போடுறப்போதான் உள்ள போகும். ஆனா ஐபி அட்ரஸ் சர்வருக்கு தெரியும், எந்த தளத்துக்கு போறீங்கன்னு நெட் குடுக்குறவங்களுக்கும் தெரியும், எந்த ரெப்போ எந்த ஃபைலுங்கறது நடுவுல இருக்கறவங்களுக்கு நேரடியா தெரியாது. அதுக்கு மேல மறைஞ்சு இருக்கணும்னா ஐபிய மறைக்கிற டார் மாதிரி வேற ஏற்பாடு, அது தனி விஷயம்.

எஸ்விஎன், சிவிஎஸ் இன்னும் இருக்கான்னா இருக்கு, பழைய ப்ராஜெக்ட் தேடிப்போனா மாட்டும். சிவிஎஸ் பிசர்வர் 2401 போர்ட், பாஸ்வேர்டை ஒரு சின்ன எழுத்து மாற்றத்துல மறைக்கிறதோட சரி. எஸ்விஎன்:// 3690, சும்மா விட்டா எல்லாம் வெளிப்படை. இதுல கிட் மாதிரி ஹேஷ் சங்கிலியும் இல்ல, ரிவிஷன் நம்பர்ங்கறது வெறும் வரிசை எண், அதனால வழியில மாத்தினா தெரியவே தெரியாது. எஸ்விஎன்ன எச்டிடிபிஎஸ்ல குடுக்குறாங்களான்னு பாருங்க, பெரும்பாலும் குடுப்பாங்க, இல்லைன்னா அதே ப்ராஜெக்டோட கிட் மிரர் (அப்படியே எடுத்து வெச்ச காப்பி) இருக்கும்.

இப்ப உங்க மெஷின்ல என்ன செய்யணும்னு வரிசையா சொல்றேன். முதல்ல ஏற்கனவே இருக்குற ரெப்போ ஒவ்வொண்ணுலயும் போய் கிட் ரிமோட், ஹைஃபன் வி போட்டு பாருங்க, அட்ரஸ் கிட்://னோ எச்டிடிபி://னோ ஆரம்பிச்சா ரிமோட் செட் யூஆர்எல் கமாண்டுல எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாத்துங்க. எச்டிடிபி:// போட்டாலும் சர்வரே எச்டிடிபிஎஸ்ஸுக்கு திருப்பி விடுதே அப்புறம் என்னன்னு சிலர் விட்டுடுவாங்க. திருப்பி விடுறதே அந்த முதல் வெளிப்படையான கேள்விக்கு பதிலாத்தான் வருது, நடுவுல இருக்கறவன் அந்த பதிலை மாத்தி வேற பக்கம் திருப்பலாம். தளம் கேட்டுக்கிட்டா ப்ரௌசர் ஒரு தடவை பாத்த தளத்தை அடுத்த தடவை நேரா எச்டிடிபிஎஸ்ல கூப்பிட ஞாபகம் வெச்சுக்கும், கிட் அப்படி வெச்சுக்காது.

அடுத்து கிட்டோட குளோபல் கான்ஃபிக்ல இன்ஸ்டெட் ஆஃப்னு ஒரு செட்டிங் இருக்கு. கிட்://னு எங்க வந்தாலும் எச்டிடிபிஎஸ்://னு படிச்சுக்கோன்னு அதுல சொல்லி வெச்சிடலாம். இதோட அருமை சப்மாட்யூல்ல (ரெப்போவுக்குள்ள இழுத்துக்குற இன்னொரு ரெப்போ) தெரியும், நீங்க எச்டிடிபிஎஸ்ல க்ளோன் பண்ணியிருப்பீங்க, உள்ள டாட் கிட்மாட்யூல்ஸ் ஃபைல்ல 2012ல எவரோ எழுதின கிட்:// அட்ரஸ் உக்காந்திருக்கும், ரெக்கர்ஸிவா எடுக்குறப்போ சத்தமில்லாம அந்த வழியில போகும். இந்த செட்டிங் இருந்தா அதையும் பிடிச்சு மாத்திடும். ஒரு எச்சரிக்கை, எல்லா சர்வர்லயும் பாதை ஒண்ணா இருக்காது, ஜிஎன்யூ சவன்னா மாதிரி இடத்துல எச்டிடிபிஎஸ் அட்ரஸ்ல நடுவுல கிட்னு ஒரு ஃபோல்டர் பேரு கூடுதலா வரும், அங்க குருட்டுத்தனமா மாத்தினா கிடைக்கலைன்னு சொல்லும், ப்ராஜெக்ட் பக்கத்துல பாத்து சரியான அட்ரஸ போடணும்.

இன்னும் உறுதியா வேணும்னா ப்ரோட்டோகால் அலௌங்கற கான்ஃபிக் இருக்கு. ப்ரோட்டோகால் டாட் கிட் டாட் அலௌ, ப்ரோட்டோகால் டாட் எச்டிடிபி டாட் அலௌ, ரெண்டுக்கும் நெவர்னு குடுத்துட்டா அந்த வழியை கிட் தொடவே தொடாது, யாரு எந்த சப்மாட்யூல்ல எழுதி வெச்சிருந்தாலும் எர்ரர்ல நிக்கும். நான் எல்லா மெஷின்லயும் இதை போட்டுத்தான் வெச்சிருக்கேன், நிக்கட்டும், நின்னாத்தான் கவனிப்போம்.

இப்ப முக்கியமான இடம். எச்டிடிபிஎஸ் போட்டாச்சு, ஆனா சர்ட்டிஃபிகேட்ட சரிபாக்குற எஸ்எஸ்எல் வெரிஃபைங்கற செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கிட்டா கிட்://ல போறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. என்க்ரிப்ஷன் இருக்கும், ஆனா யாருகூட பேசுறோம்னு தெரியாது, நடுவுல இருக்கறவனோட பத்திரமா பேசுவோம். நம்ம ஊர் லேப்ல இது எப்படி நடக்குதுன்னா, பழைய டெஸ்க்டாப், மதர்போர்டுல இருக்குற காசு மாதிரி பேட்டரி செத்து வருஷமாயிருக்கும், கரண்ட் போய் வந்தா தேதி 2010 ஜனவரி 1ன்னு போய் நிக்கும். பையன் க்ளோன் பண்ணுவான், சர்ட்டிஃபிகேட் இன்னும் செல்லுபடிக்கு வரலைன்னு எர்ரர் வரும், ஏன்னா மெஷின் கணக்குல அந்த சர்ட்டிஃபிகேட் இன்னும் பல வருஷம் கழிச்சு பொறக்கப்போறது. அவன் எர்ரரை அப்படியே தேடுவான், முதல் பதில்ல எஸ்எஸ்எல் வெரிஃபை ஃபால்ஸ்னு இருக்கும், குளோபல்ல போடுவான், வேலை நடக்கும். பையன் பாஸாகி பெங்களூர் போயிடுவான், அந்த செட்டிங் அந்த மெஷின்ல அப்படியே கிடக்கும், அடுத்த பேட்ச் பசங்க அத்தனை பேரும் அதுலயே வேலை செய்வாங்க. செய்ய வேண்டியது தேதியை சரி பண்றது, ஒரு புது சிஆர்2032 பேட்டரி வாங்கி போடுறது, நெட்லேந்து நேரத்தை தானா எடுத்துக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

அதனால இன்னைக்கே கிட் கான்ஃபிக் லிஸ்ட்ட ஷோ ஆரிஜினோட போட்டு பாருங்க, எந்த ஃபைல்லேந்து எந்த செட்டிங் வருதுன்னு காட்டும், எஸ்எஸ்எல் வெரிஃபை ஃபால்ஸ்னு எங்கயாவது இருந்தா எடுத்துடுங்க. டெர்மினல் திறக்குறப்போ ஓடுற பாஷ்ஆர்சி ஃபைல்ல கிட் எஸ்எஸ்எல் நோ வெரிஃபைங்கற என்விரான்மென்ட் வேரியபிள் ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க, அது கான்ஃபிக் லிஸ்ட்ல வராது.

சர்ட்டிஃபிகேட் எர்ரருக்கு வேற காரணமும் உண்டு. பழைய உபுண்டுல, யாரை நம்பலாம்ங்கற ரூட் சர்ட்டிஃபிகேட் பட்டியல் இருக்குற சிஏ சர்ட்டிஃபிகேட்ஸ் பேக்கேஜ் பழசா இருக்கும், 2021 செப்டம்பர் 30ல, சர்ட்டிஃபிகேட் குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய ரூட் சர்ட்டிஃபிகேட் காலாவதியானப்போ நிறைய பழைய மெஷின் ஒரே நாள்ல படுத்துச்சு, அப்டேட் பண்ணாத்தான் தீரும். ஏற்காட்டுல ரிசார்ட் வைஃபைல பேரு வேற பேரா வருதுன்னு எர்ரர் வந்தா அது பெரும்பாலும் லாகின் பக்கம் நடுவுல நிக்கறது, ப்ரௌசரை திறந்து ரூம் நம்பரோ ஓடிபியோ குடுத்துட்டு வந்து க்ளோன் பண்ணுங்க. காலேஜ் ஃபயர்வால் எச்டிடிபிஎஸ்ஸயே பிரிச்சு பாக்குதுன்னா அவங்க ரூட் சர்ட்டிஃபிகேட்ட நிர்வாகிகிட்ட நேர்ல வாங்கி எஸ்எஸ்எல் சிஏ இன்ஃபோல அந்த ஃபைலை காட்டணும், விண்டோஸ்ல எஸ்எஸ்எல் பேக்எண்டை எஸ்சேனல்னு மாத்தினா விண்டோஸ் நம்புறதை கிட்டும் நம்பும். ஆனா அந்த நெட்வொர்க்ல ஃபயர்வால் எல்லாத்தையும் பாக்கவும் முடியும் மாத்தவும் முடியும்ங்கறது ஞாபகம் இருக்கட்டும், அங்க எடுத்ததை கையெழுத்து வெச்சு சரிபாக்கணும், அதுக்கு கீழ வரேன்.

எச்டிடிபிஎஸ்ல இன்னொரு பொறி இருக்கு. கிட்ஹப்ல ரெப்போ பேரை தப்பா அடிச்சீங்கன்னா இல்லைன்னு சொல்லாது, யூசர்நேம் கேக்கும், ஏன்னா அது ப்ரைவேட்டா இருக்கலாம்ல, இருக்கா இல்லையான்னு வெளிய சொல்லக்கூடாது. பசங்க உடனே யூசர்நேம் பாஸ்வேர்ட் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பப்ளிக் ரெப்போ என்னைக்கும் யூசர்நேம் கேக்காது, கேட்டா நிறுத்துங்க, அட்ரஸ்ல எழுத்துப்பிழை இருக்கும். கிட் டெர்மினல் ப்ராம்ப்ட்ங்கற வேரியபிளை பூஜ்யம்னு வெச்சா கேக்காம நேரா எர்ரர்ல நிக்கும், ஸ்கிரிப்ட்ல இதை கண்டிப்பா போடுங்க. 2021 ஆகஸ்ட் 13லேந்து கிட்ஹப்ல புஷ்ஷுக்கே பாஸ்வேர்ட் செல்லாது, டோக்கன்தான், அந்த டோக்கனை அட்ரஸுக்குள்ள ஒட்டி க்ளோன் பண்ணாதீங்க, டாட் கிட் ஃபோல்டருக்குள்ள கான்ஃபிக் ஃபைல்ல அப்படியே எழுத்தா உக்காந்துக்கும், ஃபோல்டரை ஜிப் பண்ணி நண்பனுக்கு அனுப்பினா டோக்கனும் கூடவே போகும். பப்ளிக் ரெப்போவுக்கு டோக்கனே வேண்டாம்.

மலைமேல இருக்குறவங்களுக்கு தனியா. கொண்டை ஊசி வளைவுல சிக்னல் போய் போய் வர்றது நமக்கு பழக்கம்தான், ஆனா கிட் க்ளோன் பாதியில அறுந்தா விட்ட இடத்துலேந்து தொடராது, மறுபடி முதல்லேந்து. கிட்:// வேகமா வருதுன்னு அதுக்கு மாறிடாதீங்க, இதுக்கு நல்ல வழியே இருக்கு. டெப்த் ஒண்ணுன்னு குடுத்து கடைசி கமிட்டை மட்டும் எடுங்க, அப்புறம் டீப்பன் போட்டு கொஞ்சம் கொஞ்சமா பழசை இழுத்துக்கலாம். இல்லைன்னா ஃபில்டர்ல ப்ளாப் நன்னு குடுத்தா வரலாறு முழுசா வரும், ஃபைல்கள் தேவைப்படுறப்போ மட்டும் வரும், ஆனா அப்போ நெட் வேணும். பெரிய ரெப்போன்னா கீழ சேலத்துல நல்ல லைன் இருக்குற நண்பன்கிட்ட கிட் பண்டில் போட சொல்லுங்க, மொத்த ரெப்போவும் ஒரே ஃபைலா வரும், பென் ட்ரைவ்ல போட்டு பஸ்ல ஏத்தி விடட்டும். அந்த ஃபைல்லேந்து க்ளோன் பண்ணிட்டு ஆரிஜினை உண்மையான எச்டிடிபிஎஸ் அட்ரஸுக்கு மாத்தி ஒரு ஃபெட்ச் போடுங்க, வித்தியாசம் மட்டும்தான் இறங்கும். கிட் எல்எஸ் ரிமோட் போட்டா சர்வர் சொல்ற ஹேஷ் வரும், பொதுவா சில கேபிதான், ஃபோன் ஹாட்ஸ்பாட்ல கூட நொடியில வந்துடும், உங்ககிட்ட இருக்குற ஆரிஜின்/மெயினோட அதை ஒப்பிடுங்க. ஹேஷ் ஒத்துப்போச்சுன்னா பென் ட்ரைவ்ல வந்த அத்தனை வரலாறும் சர்வர்ல இருக்கறதுதான், ஹேஷோட பலம் இந்த இடத்துல முழுசா நமக்கு கிடைக்குது, ஏன்னா போர்டை எச்டிடிபிஎஸ்ல படிச்சுட்டோம்.

லேப்ல அறுபது பசங்க ஒரே நேரத்துல ஒரே ரெப்போவ இழுக்குறாங்கன்னா ஒரு மெஷின்ல மிரரா எடுத்து வெச்சு உள்ளுக்குள்ள குடுக்கலாம். அதுக்கு கிட்:// டீமன் போடத்தான் எல்லாருக்கும் கை போகும், உள் நெட்வொர்க்தானேன்னு. லேப் நெட்வொர்க்லதான் விளையாட்டுக்கு ஏஆர்பி ஸ்பூஃபிங் (உள் நெட்வொர்க்ல இன்னொரு மெஷின் மாதிரி நடிச்சு நடுவுல நிக்கறது) செஞ்சு பாக்குற பசங்க அதிகம், அதனால அங்கயும் வேண்டாம். கிட் எச்டிடிபி பேக்எண்ட்னு கிட் கூடவே ஒரு சிஜிஐ (வெப் சர்வர் கூப்பிட்டு ஓட்டுற ப்ரோக்ராம்) வருது, அப்பாச்சிலயோ எஞ்சின்எக்ஸ்லயோ மாட்டி எச்டிடிபிஎஸ்ல குடுக்கலாம், சும்மா வெச்சாலே படிக்க எல்லாருக்கும் திறந்திருக்கும், லாகின் இல்லாதவங்களுக்கு புஷ் மூடியிருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். எந்த ரெப்போவை வெளிய காட்டணுமோ அதுக்குள்ள மட்டும் கிட் டீமன் எக்ஸ்போர்ட் ஓகேங்கற பேர்ல ஒரு காலி ஃபைல் வைங்க, எல்லாத்தையும் காட்டுற எக்ஸ்போர்ட் ஆல் செட்டிங்கை போட்டுடாதீங்க, பக்கத்துல எவரோ வெச்ச தேர்வு கேள்வித்தாள் ரெப்போவும் சேந்து வெளிய போகும். வெளி உலகத்துக்கு குடுக்குற சர்வர்னா லெட்ஸ் என்க்ரிப்ட்ல சர்ட்டிஃபிகேட் இலவசம், காலாவதியாகுறதுக்கு முன்னாடியே தானா புதுப்பிக்கற மாதிரி செட் பண்ணிடுங்க, காலாவதியாகி நின்னா உங்க பசங்களேதான் வெரிஃபையை ஆஃப் பண்ண கத்துக்குவாங்க.

கடைசியா கையெழுத்து. எச்டிடிபிஎஸ் வழியை பாத்துக்கும், சர்வரையே எவனாவது பிடிச்சா அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, 2003 கதை அதுதானே. அதுக்குத்தான் ரிலீஸ் டேக்ல (ஒரு கமிட்டுக்கு வெக்குற வெர்ஷன் பேரு) ப்ராஜெக்ட்காரங்க ஜிபிஜி (தன் சாவியால டிஜிட்டல் கையெழுத்து போடுற டூல்) கையெழுத்து போடுறாங்க, கெர்னல், கிட் ரெண்டுலயும் இருக்கு. அவங்க பப்ளிக் சாவியை ரெப்போ இருக்குற அதே சர்வர்லேந்து எடுக்காம வேற வழியில எடுத்து, கைரேகையை ரெண்டு இடத்துல ஒப்பிட்டு இம்போர்ட் பண்ணிக்குங்க, அப்புறம் கிட் வெரிஃபை டேக் போட்டா நல்ல கையெழுத்தா இல்லையான்னு சொல்லும். இந்த சாவியை நம்பலாமான்னு எனக்கு தெரியலன்னு கூடவே ஒரு எச்சரிக்கை வரும், அது கையெழுத்து தப்புன்னு அர்த்தம் இல்ல, சாவியை நீங்க இன்னும் நம்பிக்கை பட்டியல்ல சேக்கலைன்னு அர்த்தம், கைரேகை பாத்தாச்சுன்னா போதும். பேட் சிக்னேச்சர்னு வந்தா மட்டும் மேக் போடவே போடாதீங்க. எல்லா சின்ன லைப்ரரிக்கும் இதை செய்ய முடியாதுதான், ஆனா கெர்னல், கம்பைலர், கிரிப்டோ லைப்ரரி, ரூட்ல ஓடுற எதுவா இருந்தாலும் மெயினை அப்படியே எடுக்காம கையெழுத்து இருக்குற டேக்கை எடுத்து பில்ட் பண்ணுங்க. உங்க சொந்த ப்ராஜெக்ட்லயும் ரிலீஸ் டேக்ல கையெழுத்து போட ஆரம்பிங்க, கிட் 2.34லேந்து ஜிபிஜி இல்லாம உங்க எஸ்எஸ்எச் சாவியாலயே போடலாம். அதே கையோட ரீட்மீ ஃபைலை திறந்து க்ளோன் பண்ற வரி எச்டிடிபிஎஸ்ல இருக்கான்னு பாருங்க, பழைய கிட்:// அட்ரஸ் கிடந்தா இன்னைக்கே மாத்தி ஒரு கமிட் போட்டுடுங்க, புதுசா வர்ற பையன் அந்த வரியைத்தான் அப்படியே காப்பி பண்ணுவான்.